போர்க்கால வண்ணப்படத்தில் உள்ள சண்டை விமானத்துக்குத் தேதி குறிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புல்தரையில் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானம் ஒன்று நிற்கிறது, அருமையான வண்ணப்படம், கீழே "1940, பிரிட்டன் வான்போர்" என்று எழுதியிருக்கிறது. இறக்கையின் முன்விளிம்பில் மஞ்சள் கோடு ஓடுகிறது, மேல்பக்கம் பச்சையும் சாம்பலுமாக இருக்கிறது. அப்படியானால் அந்தக் குறிப்பு தவறு. அந்த மஞ்சள் கோடும் அந்தச் சாம்பலும் 1941 ஆகஸ்டில்தான் உத்தரவாகவே வந்தன. படத்தில் இருப்பவர்களில் ஒருவர் 1940இலேயே இறந்துபோன விமானி என்று யாராவது இந்தக் குறிப்பை நம்பிப் பெயர் போட்டுவிட்டால், வேறொரு மனிதருடைய முகம் அவருடையதாகிவிடும். தேதி சரியாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி. விமானத்தில் பூசியிருக்கும் சின்னங்கள் "இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்பதை உறுதியாகச் சொல்லும். "இதற்குப் பின்னால் இருக்க முடியாது" என்பதைத் தளர்வாகத்தான் சொல்லும். உத்தரவு வருவதற்கு முன் ஒரு சின்னத்தை யாரும் பூசுவது அபூர்வம், ஆனால் உத்தரவு வந்த பிறகும் பழைய சின்னத்தோடு வாரக்கணக்கில், பயிற்சிப் பள்ளிகளில் மாதக்கணக்கில்கூட விமானங்கள் பறந்தன. பெயின்டும் ஆளும் நேரமும் கிடைத்தால்தானே மாற்றுவார்கள்? ஆகவே எப்போதும் படத்தில் இருப்பவற்றுள் மிகப் புதிய சின்னத்தைத் தேடுங்கள். படத்தின் கீழ் எல்லை அதுதான். பழைய சின்னம் ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

முதலில், இது உண்மையிலேயே வண்ணப்படமா?

கோடக்குரோம் 1935இல் சினிமா ஃபிலிமாக வந்தது, அடுத்த ஆண்டு 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கும் வந்தது. ஜெர்மனியில் அக்ஃபாகலர் 1936இல். ஆனால் போர் நடந்த பிரிட்டனில் வண்ண ஃபிலிம் தங்கம் மாதிரி. அங்கே தகவல் அமைச்சகம் 1942க்கும் 1945க்கும் இடையில் எடுத்தது ஏறக்குறைய 3000 வண்ணப்படங்கள்தான். அவற்றில் பாதியளவே 1949இல் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன, மீதி காணாமல் போயின. அமெரிக்கர்கள் நிலை வேறு. அவர்களிடம் ஃபிலிம் இருந்தது, சாதாரணச் சிப்பாய்கூடச் சொந்தக் கேமராவில் ஸ்லைடு எடுத்தான். இதிலிருந்தே ஒரு உள்ளுணர்வு வர வேண்டும்: 1944இல் இங்கிலாந்தில் ஓர் அமெரிக்கத் தளத்தில் எடுத்த வண்ணப்படம் என்றால் நம்பலாம், 1940இல் ஒரு பிரிட்டிஷ் தளத்தில் என்றால் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

இன்று பெரிய தொல்லை, கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கணினியில் வண்ணம் பூசி உலவவிடுவது. கண்டுபிடிக்க நான் பார்க்கும் இடம் விமானத்தின் அடிவயிறு. உண்மையான வண்ணப்படத்தில் புல்லின் பச்சை வயிற்றில் மெல்லப் பட்டுத் தெறிக்கும், நிழல்கள் நீலம் கலந்து இருக்கும், எண்ணெய்க் கறையும் மண்ணும் வேறு வேறு பழுப்பாகத் தெரியும். பூசிய படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே நிறம், எல்லோருடைய தோலும் ஒரே நிறம். சின்னத்தின் சிவப்பு ஓரத்தைத் தாண்டிக் கசிந்திருக்கும், அல்லது சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு இருக்கும்.

உண்மையான வண்ணப்படத்தைத் தேடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் சிவப்பைப் பார்க்காது, மஞ்சளையும் சரியாகப் பார்க்காது, இரண்டும் இருட்டாகத்தான் விழும். பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் வளையம் அதில் ஏறக்குறைய கறுப்பாகவே தெரியும். நானே ஒரு படத்தில் வளையம் இல்லை என்று முடிவுகட்டி, அதை மே 1940க்கு முன்னால் தள்ளிவிட்டேன். பிறகு அதே விமானத்தின் இன்னொரு படத்தில் வளையம் பளிச்சென்று தெரிந்தது. வண்ணப்படம் அரிதாக இருந்தாலும் இவ்வளவு மதிப்புப் பெறுவது இதனால்தான். நிறம் இருக்கிறதா, இல்லையா என்ற கேள்விக்கு அது நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறது.

திரைப்படக் காட்சிகளும் போர்க்காலப் புகைப்படங்களாக உலவுகின்றன. 1968இல் ஒரு பெரிய பிரிட்டிஷ் போர்த் திரைப்படத்துக்காக ஜெர்மானியச் சண்டை விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 வேடம் போட்டவை ஸ்பெயினில் கட்டிய புச்சோன் விமானங்கள். அவற்றில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின். அசல் 109இன் இன்ஜின் தலைகீழாக மாட்டப்பட்டது, அதனால் புகைக்குழாய்கள் மூக்கின் கீழ்ப்பகுதியில் இருக்கும். புச்சோனில் அவை மேலே இருக்கும், தாடையும் தடித்துத் தொங்கும். இதை ஒருமுறை கண் பழகிவிட்டால் பிறகு ஏமாற மாட்டீர்கள்.

அடுத்து, படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா?

ஸ்லைடைப் புரட்டி வைத்து ஸ்கேன் செய்வது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. எழுத்து இருந்தால் தெரிந்துவிடும் என்று நினைப்போம், ஆனால் ஏ, ஹெச், எம், வி, எக்ஸ், ஒய் போன்ற ஆங்கில எழுத்துகள் கண்ணாடியிலும் அப்படியேதான் தெரியும். வால் துடுப்பில் உள்ள சிவப்பு வெள்ளை நீலப் பட்டையும் உதவாது, ஏனென்றால் பிரிட்டிஷ் விமானத்தில் இரண்டு பக்கமும் சிவப்புதான் முன்னால். விமானத்தின் உடம்பைப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரில் விமானி ஏறும் சின்னக் கதவு இடப்பக்கம். அதன் மாடல்களில் மார்க் 1, 2, 5 மூன்றிலும் வலது இறக்கைக்கு அடியில் அகலமான ரேடியேட்டர், இடது இறக்கைக்கு அடியில் ஒல்லியான ஆயில் கூலர். மார்க் 9இல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பெரியவை. மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் சூப்பர்சார்ஜர் காற்று வாங்கும் குழல் மூக்கின் இடப்பக்கம். மனிதர்கள் நின்றால் இன்னும் நல்லது, விமானியின் இறக்கைப் பதக்கம் இடது மார்பில்தான் இருக்கும்.

விமானத்தின் வகையும் மாடலும்

இதில் நீட்டி எழுத அதிகம் இல்லை. மார்க் 9 ஸ்பிட்ஃபயர் படைப்பிரிவுக்குப் போனது 1942 கோடையில், ஆகவே நான்கு இலை புரொப்பெல்லரும் இரட்டை ரேடியேட்டரும் கண்டால் அதுவே ஒரு கீழ் எல்லை. குமிழ் மூடியுள்ள அமெரிக்க பி-51டி மஸ்டாங் என்றால் 1944. மாடலைத் தப்பாகப் பிடித்தால் பின்னால் வரும் எல்லாமே தப்பாகும் என்பதால், சின்னத்துக்குப் போகுமுன் இதை முடித்துவிடுங்கள்.

பிரிட்டிஷ் சின்னங்கள்: எங்கே நின்று பார்க்க வேண்டும்

வயிற்றிலிருந்து தொடங்குங்கள். போர் தொடங்கியபோது சண்டை விமானங்களின் அடிப்பக்கம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. இடது இறக்கை கறுப்பு, வலது இறக்கை வெள்ளை. தரையிலிருந்து பார்க்கும் பீரங்கிக்காரர்கள் நம் விமானம் என்று அடையாளம் காண்பதற்காக. 1940 ஜூன் தொடக்கத்தில் அதை மாற்றி 'ஸ்கை' என்ற வெளிர் பச்சை கலந்த நிறம் வந்தது. அதே 1940 நவம்பர் இறுதியில் மறுபடி இடது இறக்கையின் அடியை மட்டும் கறுப்பாக்கினார்கள், கூடவே வாலுக்கு முன்னால் உடற்பகுதியைச் சுற்றி 18 அங்குல ஸ்கை பட்டையும், மூக்கில் ஸ்கை நிற ஸ்பின்னரும் (புரொப்பெல்லரின் நடுக்கூம்பு) வந்தன. கறுப்பு இறக்கை 1941 ஏப்ரலில் போய்விட்டது, பட்டை நின்றுவிட்டது. ஆக, பச்சை பழுப்பு உருமறைப்பின் மேல் ஸ்கை பட்டை இருந்தால் அந்தப் படம் 1940 டிசம்பரிலிருந்து 1941 இலையுதிர் காலம் வரை என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். வான்போர்க் கோடைக்கால விமானத்தில் அந்தப் பட்டை இருக்கவே கூடாது. எத்தனை புத்தக அட்டைகளில், எத்தனை பொம்மை விமானப் பெட்டிகளில் இந்தத் தவறு இருக்கிறது!

பிறகு வட்டச் சின்னம். 1940 மே 1ஆம் தேதி உத்தரவில் உடற்பகுதிச் சின்னத்துக்கு வெளியே மஞ்சள் வளையமும், வால் துடுப்பில் மூவண்ணப் பட்டையும் வந்தன. முதலில் பட்டையின் அளவு ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி, சிலர் துடுப்பு முழுவதையும் நிரப்பிவிட்டார்கள். 1940 டிசம்பரில்தான் 24 அங்குல அகலம், 27 அங்குல உயரம் என்று நிலையானது. எனவே துடுப்பு முழுக்க மூவண்ணம் என்றால் 1940 கோடையின் வாசனை அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

1941 ஆகஸ்டு நடுவில் பெரிய மாற்றம். சண்டை ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே, உயரத்தில் நடக்க ஆரம்பித்ததால் பழுப்பு நிறத்துக்குப் பதில் ஓஷன் கிரே, அடியில் மீடியம் சீ கிரே, இறக்கை முன்விளிம்பில் மஞ்சள். தொடக்கத்தில் ஓஷன் கிரே போதுமான அளவு கிடைக்காமல், படைப்பிரிவுகள் ஏழு பங்கு சீ கிரேயில் ஒரு பங்கு கறுப்பைக் கலந்து பூசின. அதனால் 1941 இறுதிப் படங்களில் சாம்பல் நிறம் விமானத்துக்கு விமானம் வேறுபட்டால், ஃபிலிமைக் குறை சொல்லாதீர்கள்.

1942 மே முதல் வட்டத்தில் வெள்ளை வளையமும் மஞ்சள் வளையமும் மெலிந்தன, வால் பட்டையிலும் நடுவிலிருந்த வெள்ளை ஒல்லியான கோடாகிவிட்டது. தூரத்திலிருந்து பார்க்கும்போது கண்ணுக்கு முதலில் படுவது இதுதான்: மூன்று நிறமும் சம அகலம் என்றால் முன்னால், வெள்ளை ஒல்லி என்றால் பின்னால். எனக்குத் தெரிந்தவரை இவ்வளவு எளிதான, இவ்வளவு பயனுள்ள அடையாளம் வேறு இல்லை.

கறுப்பு வெள்ளைக் கோடுகளுக்கு வருவோம், எல்லோரும் சறுக்கும் இடம் இது. கோடு கண்டாலே நேச நாட்டுப் படைகள் பிரான்ஸில் இறங்கிய நார்மண்டி என்று எழுதிவிடுகிறார்கள். நார்மண்டிக் கோடுகள் 1944 ஜூன் தொடக்கத்தில், தரையிறக்கத்துக்கு ஓரிரு நாள் முன்னால் பூசியவை; மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு, ஒற்றை இன்ஜின் விமானத்தில் ஒவ்வொன்றும் 18 அங்குலம், இறக்கைகளிலும் உடற்பகுதியைச் சுற்றியும். அவசரத்தில் தூரிகையாலும் துடைப்பத்தாலும் பூசியதால் ஓரங்கள் நேராக இருக்காது, அந்தக் கோணலே உண்மைக்குச் சாட்சி. ஜூலையிலேயே மேல்பக்கக் கோடுகளை அழிக்கத் தொடங்கினார்கள், பிறகு உடற்பகுதியின் அடியில் மட்டும் மிஞ்சி, ஆண்டு முடிவில் அதுவும் போனது. ஆக, மேலும் கீழும் முழுக் கோடுகள் என்றால் உங்கள் கையில் இருப்பது சில வாரங்கள் மட்டுமே கொண்ட ஒரு காலச் சன்னல்.

ஆனால் டைஃபூன் விமானத்தின் அடியிலும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இருந்தன, அவை 1942 டிசம்பரில் வந்தவை. ஜெர்மானிய ஃபோக்கவுல்ஃப் 190 என்று நினைத்துச் சொந்தப் படையே அதைச் சுட்டுக்கொண்டிருந்ததால் அந்த ஏற்பாடு, 1944 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். அங்கே கோடுகள் இறக்கையின் அடியில் மட்டும்தான், உடற்பகுதியில் கிடையாது. அப்புறம் கொரியப் போரில், 1950 முதல், பிரிட்டிஷ் கடற்படையின் சீஃபயர், சீ ஃபியூரி விமானங்களிலும் கோடுகள் மறுபடி வந்தன. அதற்குள் வண்ண ஃபிலிம் மலிந்துவிட்டது, ஆகவே நல்ல வண்ணத்தில் கோடு போட்ட சீ ஃபியூரி கிடைத்தால் அது கொரியாதான்.

1945 ஜனவரி 3ஆம் தேதி, ஐரோப்பாவில் இருந்த இரண்டாம் தந்திரோபாய விமானப்படைக்கு இன்னொரு உத்தரவு: ஸ்கை பட்டையை மறைக்க வேண்டும், ஸ்பின்னரைக் கறுப்பாக்க வேண்டும், இறக்கையின் மேல்பக்கமும் மஞ்சள் வளையச் சின்னம் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் போரின் கடைசி மாதங்கள் அல்லது அதற்குப் பின்.

அமெரிக்க நட்சத்திரம்

பிரிட்டிஷை விட இது எளிது. நட்சத்திரத்தின் நடுவில் சிவப்பு வட்டம் இருந்தால் 1942 மே மாதத்துக்கு முன்; ஜப்பானியச் சூரியனோடு குழம்புகிறது என்று அப்போது அதை எடுத்தார்கள். 1943 ஜூன் இறுதியில் இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டைகள், முழுவதையும் சுற்றிச் சிவப்பு ஓரம். அந்தச் சிவப்பும் ஜப்பானோடு குழப்பம் தரும் என்று ஆகஸ்டு நடுவிலேயே நீல ஓரம் என்று மாற்றிவிட்டார்கள். உத்தரவுப்படி சிவப்பு ஓரத்தின் ஆயுள் சுமார் ஏழு வாரம்தான், அதனால்தான் வண்ணத்தில் அதைக் காண்பது அவ்வளவு சந்தோஷம். பசிபிக்கில் அது இன்னும் சில மாதம் நீடித்ததும் உண்டு. கறுப்பு வெள்ளையில் சிவப்பு ஓரமா நீல ஓரமா என்று பிரிக்கப் படாதபாடு பட வேண்டும். வண்ணத்தில் பார்த்தால், பழைய வெயில்பட்ட நீல வட்டத்தைச் சுற்றிப் புதிதாகப் பூசிய அடர் நீலம் தனியாகத் தெரிவதைக்கூடக் காணலாம். அதேபோல மறைத்த சிவப்பு வட்டத்தின் இடத்தில் நட்சத்திரத்தின் நடு மட்டும் கூடுதல் வெண்மையாக இருக்கும். பட்டைகளுக்கு உள்ளே சிவப்புக் கோடு ஓடினால் 1947 ஜனவரிக்குப் பின், அது இந்தப் போரே இல்லை.

1944 தொடக்கத்திலிருந்து தொழிற்சாலைகள் ஆலிவ் பச்சை பூசாமல் வெறும் அலுமினியமாகவே விமானங்களை அனுப்பின. பளபளக்கும் மஸ்டாங்குக்கு 1943 தேதி போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

கிழக்கே, இலங்கையும் பர்மாவும்

1942 ஏப்ரல் 5 ஞாயிறு கொழும்பிலும், 9ஆம் தேதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது இரத்மலானை, கொழும்புக் குதிரைப் பந்தயத் திடல், சீனன்குடா ஆகிய தளங்களிலிருந்து எழும்பிய பிரிட்டிஷ் ஹரிக்கேன் சண்டை விமானங்களில் சிவப்பு நடுவட்டம் இருந்தது. பிறகுதான் இந்தியாவிலும் பர்மாவிலும் சிவப்பைக் கைவிட்டு, அடர் நீலமும் வெளிர் நீலமும் கொண்ட சிறிய வட்டச் சின்னத்துக்கு மாறினார்கள். ஆகவே இலங்கையில் எடுத்ததாகச் சொல்லும் ஹரிக்கேன் படத்தில் நீலம் மட்டும் இருந்தால், அது அந்த ஏப்ரலின் படம் அல்ல. இதே போர்முனையில் பின்னர் வந்த, அமெரிக்கத் தயாரிப்பான தண்டர்போல்ட் விமானங்களில் உருமறைப்பு வண்ணத்தின் மேல் வெள்ளைப் பட்டைகள், வெறும் உலோகத்தின் மேல் கரும்பட்டைகள். சென்னை மாகாணம் கொடுத்த பணத்துக்காக 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தாங்கிய 79ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) முதலில் ஹரிக்கேனும் பிறகு தண்டர்போல்ட்டும் ஓட்டியது இந்தப் போர்முனையில்தான். அதன் படம் ஏதாவது வண்ணத்தில் கிடைத்தால் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

ஜெர்மானிய விமானங்களுக்கு இங்கே இரண்டு வரி போதும், அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். 109இன் பக்கவாட்டு முழுக்க வெளிர் நீலம் என்றால் 1939 இறுதி முதல் 1940. சாம்பல் உருமறைப்பு 1941 முதல். வாலுக்கு முன் மஞ்சள் பட்டை கிழக்கு முனை, வெள்ளைப் பட்டை மத்தியதரைக் கடல்.

எழுத்தும் எண்ணும்: சன்னலைச் சுருக்குவது

சின்னங்கள் மாதக் கணக்கில் ஒரு சன்னலைத் தரும். அதை நாள் கணக்குக்குக் கொண்டுபோவது உடற்பகுதி எழுத்துகளும் வரிசை எண்ணும்தான். முதல் இரண்டு எழுத்து ஸ்குவாட்ரன், தனி எழுத்து விமானம். போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் எழுத்துகள் மாற்றப்பட்டன: 19ஆம் ஸ்குவாட்ரன் அதற்கு முன் டபிள்யூ இசட், பிறகு க்யூ வி. தனி எழுத்தை மட்டும் நம்பாதீர்கள், ஒரு விமானம் விழுந்தால் அதே எழுத்து மறுவாரம் இன்னொன்றுக்குப் போகும்.

வரிசை எண் வாலுக்கு அருகில் சின்னதாக இருக்கும். ஸ்பிட்ஃபயரில் ஓரெழுத்தும் நான்கு இலக்கமும் பழையவை, ஈரெழுத்தும் மூன்று இலக்கமும் 1941 முதல். எண் முழுதாகப் படிக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் படிவம் 78 என்ற நடமாட்ட அட்டை இருந்தது, எந்தப் பிரிவுக்கு எந்தத் தேதியில் போனது என்று அதில் இருக்கும். ஸ்குவாட்ரன் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையில் இருக்கின்றன. நாட்குறிப்பில் "புகைப்படக்காரர் வந்தார்" என்ற ஒரு வரி கிடைத்த அன்று சாப்பிடக்கூட மறந்துபோகும்.

நிறத்தின் சாயலை எவ்வளவு நம்பலாம்?

சிவப்பு இருக்கிறது, மஞ்சள் இல்லை என்பது வரை முழுதாக நம்பலாம். இது ஸ்கையா வெளிர் நீலமா, இந்தச் சாம்பல் எந்தச் சாம்பல் என்று போனால் நம்பாதீர்கள். கோடக்குரோமின் சாயங்கள் இருட்டில் வைத்தால் மிக நன்றாக நிற்கும், ஆனால் கொஞ்சம் குறைவாக ஒளி பட்டாலும் எல்லாம் அடர்ந்துவிடும். திறந்த வானத்தின் கீழ் சாம்பல் எப்போதும் நீலம் வாங்கும். அக்ஃபாகலர் காலப்போக்கில் நிறம் சாய்ந்துவிடும். ஸ்கேன் செய்தவர் தன் ரசனைக்குத் திருகியிருப்பார், அது போதாதென்று. ஆகவே முதலில் நமக்குத் தெரிந்த ஒன்றைப் பாருங்கள்: மனிதத் தோல், புல், வால் பட்டையின் வெள்ளை. அவை சாய்ந்திருந்தால் எல்லாம் அதே திசையில் சாய்ந்திருக்கும். விமானியின் மிதவைச் சட்டையையும் பாருங்கள். 1941 மாதிரி தயாரிப்பிலேயே மஞ்சள். அதற்கு முந்தையது பச்சை கலந்த காக்கி, அதன் மேல் விமானிகளே மஞ்சள் பூசிக்கொண்டார்கள், உரிந்த இடத்தில் அடியிலுள்ள காக்கி தெரியும்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படம்

இப்படி ஒன்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று இலை புரொப்பெல்லர், வலது இறக்கையின் அடியில் மட்டும் பெரிய ரேடியேட்டர், இறக்கைப் பீரங்கி: ஸ்பிட்ஃபயர் மார்க் 5. கதவு இடப்பக்கம், படம் திரும்பவில்லை. பச்சையும் சாம்பலும், முன்விளிம்பில் மஞ்சள், ஆகவே 1941 ஆகஸ்டுக்குப் பின். வால் பட்டையில் வெள்ளை ஒல்லி, ஆகவே 1942 மேக்குப் பின். உறுதியான கீழ் எல்லை அதுதான், இனி நகராது. மேல் எல்லைக்கு வருவோம்: கோடுகள் இல்லை. 1944 ஜூனுக்கு முன் என்று சொல்லத் தோன்றும், ஆனால் பயிற்சிப் பள்ளி விமானத்துக்குக் கோடே பூசாமல் விட்டிருக்கலாம், ஆகவே பென்சிலால் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் மரங்களில் இலை இல்லை. சரி, குளிர்காலம், 1942-43 அல்லது 1943-44. எழுத்துகளைப் படிக்க முடிகிறது, எண் படிக்க முடியவில்லை. அந்த ஸ்குவாட்ரன் 1943 கோடையில் மார்க் 9க்கு மாறிவிட்டதாக நாட்குறிப்பு சொன்னால், இரண்டாவது குளிர்காலம் போய்விட்டது.

இப்போது படத்தின் பின்னால் எழுத வேண்டியது: "1942 நவம்பர் முதல் 1943 மார்ச் வரை, வால் பட்டை, இலையில்லா மரம், ஸ்குவாட்ரன் நாட்குறிப்பு ஆகியவற்றின்படி." காரணத்தைக் கட்டாயம் எழுதுங்கள். நாளை ஒருவர் அந்த வரிசை எண்ணைப் படித்துவிட்டால், உங்கள் கணக்கில் எந்தப் படியைத் திருத்த வேண்டும் என்று அவருக்கு உடனே தெரியும்.